பேராதனைத் தோட்டமும் மலைநாட்டில் அறிவியல் பரவிய வரலாறும்

கண்டி நகரிலிருந்து கொழும்புக்குச் செல்லும் பெருந்தெருவில், நான்கு மைல் எல்லைக்குள், மகாவலி கங்கை இலாட வடிவாக வளைந்து மூன்று புறமும் சூழ்ந்தோடும் நிலத்திற் பேராதனை அரச தாவரவியற் பூங்கா அமைந்துள்ளது. 147 ஏக்கர் பரப்புடைய அப்பூங்காவை விடுமுறை நாட்களிற் காண வருவோர் பல்லாயிரவர். அவருட் பெரும்பாலார் அதனை ஓர் உலாவுமிடமாகவே கருதுவர். பனை வரிசைகளையும் ஓர்க்கிட் மனையையும் கண்டு, மரநிழலில் உண்டு, மாலையில் வீடு திரும்புவர். அங்கே இருநூறு ஆண்டுகளாகத் தாவர ஆராய்ச்சி நடைபெற்று வருகிறது என்பதும், இம்மலைநாட்டின் செல்வம் நிலைகுலைந்து மீண்டும் எழுந்த காலத்தில் அங்கிருந்த நுணுக்குக்காட்டி மேசையொன்றும் அவ்வரலாற்றில் இடம்பெற்றது என்பதும் அவர்தம் நினைவிற்கு வருவதில்லை.

ஆராய்ச்சி நிலையங்கள் தாம் கண்டறிந்தவற்றைப் பொதுமக்களுக்கு எடுத்துரைத்தல் வேண்டும் என்பதும், அதற்காக நூதனசாலை, பாடசாலை, பத்திரிகை முதலியவற்றோடு கூட்டுச் சேர்தல் வேண்டும் என்பதும் இக்காலத்திற் பெரிதும் பேசப்படும் செய்திகள். கண்டியில் அம்முயற்சி புதியதன்று. பேராதனையிற் பிறந்த அறிவு வெளியுலகிற்குச் செல்ல எக்காலத்தும் மற்றொரு நிறுவனத்தின் துணை வேண்டியிருந்தது. தோட்டத் துரைமார் சங்கம், ஆங்கிலச் செய்தித்தாள், விவசாயச் சங்கம், பாடசாலை, பல்கலைக்கழகம் என அத்துணை காலந்தோறும் மாறிற்று. துணையாக நின்றது யாதோ அதன் மொழியே அறிவின் மொழியாயிற்று. அதன் உறுப்பினரே அவ்வறிவைக் கேட்போராயினர். பேராதனையின் வரலாற்றை இந்நோக்கோடு பார்ப்பவர்க்கு, அங்கே பெற்ற வெற்றிகள் மட்டுமன்றி, பேசப்படாது விடப்பட்டவர் யாவர் என்பதும் புலப்படும்.

1815ஆம் ஆண்டிற் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. அதற்கு முன்னரே, இங்கிலாந்தின் புகழ்பெற்ற இயற்கையறிஞர் சேர் யோசேப்பு பாங்ஸ் என்பாரின் தூண்டுதலாற் கொழும்பில் ஒரு தாவரத் தோட்டம் தொடங்கப்பெற்றுப் பின்னர் களுத்துறைக்கு மாற்றப்பட்டிருந்தது. 1821இல் அத்தோட்டத்தை அலெக்சாந்தர் மூன் என்பார் பேராதனைக்குக் கொணர்ந்தார். கண்டி மன்னரின் அரச உபவனம் இருந்த இடமே அது. முதலில் நடப்பட்டவற்றுட் கறுவாவும் கோப்பியும் சிறப்பிடம் பெற்றன. ஆட்சியாளர்க்கு வேண்டியது அழகன்று, வருவாய் என்பதை இஃதொன்றே காட்டும்.

எனினும் மூன் வெறும் வருவாய் நோக்கினரல்லர். 1824இல் அவர் வெளியிட்ட தாவரப் பட்டியலில் 1,127 தாவரங்கள் இடம்பெற்றன. அவற்றின் இலத்தீன் பெயர்களோடு சிங்களப் பெயர்களும் அந்நூலிற் கொடுக்கப்பட்டன. நாட்டு மக்கள் தம் செடிகளை எவ்வாறு அழைக்கின்றனர் என்பதை அறிவியல் நூலொன்றிற் பதிவு செய்தல் அந்நாளிற் சிறிய காரியமன்று. மூன் 1825இல் இறந்தார். அவர் காலத்திற் பணியில் அமர்ந்த அருமானிஸ் த அல்விஸ் செனவிரத்தின என்னும் சிங்கள ஓவியர் பல்லாண்டுகள் அங்கிருந்து செடிகளை வரைந்தார். முதலியார்ப் பட்டமும் பெற்றார். அவருடைய மைந்தரும் அத்தொழிலிற் சிறந்து விளங்கினர். இலங்கைத் தாவரங்களைப் பற்றி ஐரோப்பிய அறிஞர் எழுதிய நூல்களுக்குப் பின்னால் இத்தகைய உள்ளூரார் கண்ணும் கையும் இருந்தன.

மூனுக்குப் பின் இருபது ஆண்டுகள் பேராதனை சோம்பிக் கிடந்தது எனலாம். 1844இல் வந்த யோர்ச் கார்டினர் அதனைத் திருத்தியமைத்தார். ஆயினும் ஐந்தாண்டுகளில் நுவரெலியாவில் உயிர்நீத்தார். அவர் இடத்திற்கு 1849இல் வந்தவர் துவெயிற்ஸ். இவர் முப்பதாண்டுகளுக்கு மேலாகப் பேராதனையிலிருந்து பணியாற்றினார். 1858 முதல் 1864 வரை பகுதி பகுதியாக வெளிவந்த இவரது இலங்கைத் தாவரத் தொகுப்பு இலத்தீன் மொழியில் எழுதப்பட்டது. உலகத் தாவரவியலாளர்க்கு அது பெருவிருந்து. கண்டியில் வாழ்ந்தாருள் அதனைப் படித்தவரை விரல்விட்டு எண்ணிவிடலாம் போலும்.

துவெயிற்ஸ் வந்த காலத்தில் மலைநாடெங்கும் கோப்பி பரவிக்கொண்டிருந்தது. காடுகள் அழிக்கப்பட்டன, தென்னிந்தியாவின் வறண்ட மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்து வந்தனர். வழியில் மாண்டவர் பலர். கோப்பி பறிக்கும் பருவத்தில் வந்து பருவம் முடிந்ததும் திரும்பிச் செல்வதே தொடக்கத்தில் வழக்கமாயிருந்தது. 1854இல் இலங்கைத் தோட்டத் துரைமார் சங்கம் கண்டியில் நிறுவப்பட்டது. இச்சங்கமே பேராதனையின் முதற் பெருந்துணை. விதை வேண்டின் பேராதனைக்கு எழுதுவர். செடியில் நோய் கண்டால் இலையைப் பறித்துப் பேராதனைக்கு அனுப்புவர். அங்கிருந்து வரும் விடை கொழும்பு ஆங்கிலச் செய்தித்தாளில் அச்சேறும். அறிவு செல்லும் பாதை ஒழுங்காக அமைந்துவிட்டது. அப்பாதையின் இரு முனையிலும் ஆங்கிலமே நின்றது.

1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பக்கத்துக் கோப்பித் தோட்டமொன்றில் இலைகளின் கீழ்ப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி படிந்திருப்பது கண்டறியப்பட்டது. துவெயிற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்திலிருந்த பேர்க்லி என்னும் பாதிரியாருக்கு அனுப்பினார். பங்கசுகளை ஆராய்வதில் அக்காலத்தில் அவருக்கு நிகரானவர் அரியர். அவர் அது முன்னர் அறியப்படாத ஒரு பங்கசு எனக் கண்டு, அதே ஆண்டில் அதற்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். அதன் வித்திகள் ஒரு புறம் மழமழப்பாகவும் மறுபுறம் சொரசொரப்பாகவும் இருந்தமையின், பாதி மழமழப்பானது என்னும் பொருளில் முதற்சொல் அமைந்தது. இரண்டாஞ் சொல்லின் பொருள் பாழ்செய்பவள் என்பது. துரைமார் அப்பெயரைத் திரித்து, நாசகாரி எமிலி எனப் பொருள்படும் கேலிப்பெயராக்கிச் சிரித்தனர். சில ஆண்டுகளிற் சிரிப்பு அடங்கிற்று.

நோயைக் கண்டதும் கோப்பி மாண்டுவிடவில்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது. இலை உதிரும், புதிய இலை தளிர்க்கும், அடுத்த பருவத்தில் விளைச்சல் சிறிது குறையும். அந்நாளில் உலகச் சந்தையிற் கோப்பி விலை உயர்ந்துகொண்டிருந்தமையின், குறைந்த விளைச்சலும் நிறைந்த பணத்தைத் தந்தது. ஆதலின் நோய் பரவிய அதே ஆண்டுகளில் மேலும் மேலும் காடழித்துக் கோப்பி நட்டனர். 1878 அளவிற் கோப்பிப் பரப்பு ஏறக்குறைய 2,75,000 ஏக்கராக உயர்ந்தது. பேராதனையில் எச்சரிக்கை இல்லாமலில்லை. கேட்க விரும்பும் செவியன்றோ எச்சரிக்கைக்கு வேண்டும்! துணைநின்ற சங்கம் தான் விரும்பியதை மட்டுமே கேட்டது. விலை இறங்கியபோதுதான் விஞ்ஞானியைத் தேடினர். 1877 முதல் உதவிப் பணிப்பாளராயிருந்த டானியல் மொரிஸ் சுண்ணாம்பும் கந்தகமும் தூவிப் பார்த்தார். பின்னர், இந்நோயை மட்டும் ஆராய்வதற்கென ஒருவரை அரசாங்கம் வரவழைத்தது. 1880இன் தொடக்கத்திற் பேராதனைக்கு வந்த அவர் பெயர் மார்ஷல் வார்ட். கேம்பிரிட்ஜிற் கற்றுத் தேறியவர். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய இருபத்தாறு.

வார்ட் இரண்டாண்டுகளே இங்கிருந்தார். அவ்விரண்டாண்டுகளில் அவர் செய்த ஆராய்ச்சி தாவரநோயியல் வரலாற்றில் நிலைபெற்றது. வித்திகளை நீர்த்துளியிலிட்டு முளைக்கச் செய்தார். முளையிலிருந்து புறப்படும் மெல்லிய குழாய் இலையின் நுண்டுளை வழியே உட்புகுவதை நுணுக்குக்காட்டியிற் கண்டார். உட்புகுந்த பங்கசு இலையின் உயிரணுக்களிலிருந்து உணவை உறிஞ்சி, இரண்டு மூன்று வாரங்களுள் இலையின் அடிப்புறத்தில் மீண்டும் பொடியாக வெளிப்படுவதைக் காலம் கணித்து எழுதினார். நோய் எவ்வாறு தோட்டத்துக்குத் தோட்டம் தாவுகிறது என்பதை அறியும் பொருட்டு, பசைபூசிய கண்ணாடித் தகடுகளைக் காற்றில் நிறுத்தி வைத்தார். அத்தகடுகளில் வித்திகள் வந்து ஒட்டின. நோய் மண்ணிலிருந்து வருவதன்று, வேரின் பலவீனத்தாற் பிறப்பதன்று, கடவுளின் கோபமுமன்று. காற்றில் மிதந்து வரும் உயிரே அதற்குக் காரணம் என்பது ஐயமின்றி நிறுவப்பட்டது.

மருந்து என்ன என்னும் வினாவுக்கு வார்ட் கூறிய விடை துரைமார்க்கு உவப்பாயில்லை. பங்கசு இலையினுள் புகுந்தபின் மேலே தூவும் மருந்தினாற் பயனில்லை. புகுமுன்னரே இலையின் மேற்புறத்தைக் காத்தல் வேண்டும் என அவர் கூறினார். இன்று உலகெங்கும் பயிர்களுக்கு மருந்து தெளிக்கும் முறைக்கு அடிப்படை இக்கருத்தே. ஆயின் அதனைச் செய்துகாட்டத்தக்க மருந்து அன்று அவர் கையில் இல்லை. பிரான்சிற் கொடிமுந்திரிகைக்குச் செம்பு கலந்த கலவையைத் தெளிக்கும் முறை 1885ஆம் ஆண்டளவிலேயே வெளிவந்தது. மூன்றாண்டு தாழ்ந்து வந்த மருந்து! மலைகள்தோறும் இடையீடின்றி ஒரே பயிரை நட்டதனாற் பங்கசுக்குப் பெருவிருந்து அளிக்கப்பட்டது என்பதையும் வார்ட் சுட்டினார். உண்மையைச் சொல்லி, வேலையை முடித்து, 1882இல் அவர் நாடு திரும்பினார். 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தபோது கோப்பியின் கதையும் பெரும்பாலும் முடிந்திருந்தது.

இவ்வரலாற்றைச் சொல்லும் நூல்கள் யாவும் துரைமாரையும் விஞ்ஞானியையுமே எதிரெதிரே நிறுத்துகின்றன. இடையில் நின்ற பெருங்கூட்டத்தை எவரும் குறிப்பதில்லை. கோப்பி இலையை நாள்தோறும் கையாற் தொட்டவர் தமிழ்த் தொழிலாளர். செம்மஞ்சட் பொடி அவர்தம் உடையிலும் படிந்திருக்கும். தோட்டம் கைவிடப்பட்டபோது கூலி நிலுவையை இழந்தவரும், கங்காணியின் கடனோடு ஊர் திரும்பியவரும் அவரே. வார்ட்டின் அறிக்கைகள் அரசாங்க வெளியீடுகளாக ஆங்கிலத்தில் வந்தன. அவை தோட்ட லயன்களைச் சென்றடைய வழியே இருக்கவில்லை.

அக்காலத்துத் துரைமார் தமிழ் அறியாதவரல்லர். இலங்கையில் இறங்கிய சின்னத்துரை ஒவ்வொருவரும் தமிழ் கற்றல் கட்டாயமெனக் கருதப்பட்டது. செய்தித்தாள் நடத்திய பேர்குசன் குடும்பத்தாரே அதற்கென ஒரு கைந்நூல் வெளியிட்டனர். அதன் பெயர் 'இங்கே வா' என்பது. அப்பெயரே நூலின் இயல்பைப் புலப்படுத்துகிறது. அதே குடும்பத்தார் 1881இற் கொழும்பிலிருந்து வெப்பவலய விவசாயம் பற்றிய ஆங்கில மாத இதழொன்றைத் தொடங்கி, பேராதனை அறிவை உலகெங்குமுள்ள துரைமார்க்குக் கொண்டு சென்றனர். ஒரே அச்சகத்தார் அறிவை ஆங்கிலத்திலும் ஆணையைத் தமிழிலும் அச்சிட்டனர். ஏவல் மொழியாக வழங்கிய தமிழ் அறிவுமொழியாக வழங்குதல் இயலாதென எவரும் ஆராய்ந்து முடிவு செய்யவில்லை, அவ்வினாவே எழவில்லை.

இயலாத காரியம் அன்று என்பதற்கு இலங்கையிலேயே சான்று இருந்தது. அமெரிக்க மருத்துவப் பாதிரியாராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயிலிருந்து மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்த அவர், ஆங்கிலத்திற் கற்றோர் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் செல்லக் கண்டு, தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். உடலமைப்பு, இரணவைத்தியம், இரசாயனம் முதலிய துறைகளில் அவரும் அவர் மாணவரும் ஆக்கிய தமிழ் நூல்கள் பல்லாயிரம் பக்கங்கள் கொண்டவை. கலைச்சொற்களையும் அவர்கள் தொகுத்து வைத்தனர். அவர் 1873இல் தாய்நாடு திரும்பினார். எனவே, பேராதனையில் வார்ட் கண்ணாடித் தகட்டைக் காற்றில் நிறுத்திய நாளில், தமிழில் அறிவியல் நூல்கள் அச்சில் இருந்தன. யாழ்ப்பாணத்துக்கும் கண்டிக்கும் இடையிலிருந்த தூரம் இருநூறு மைலளவே. கிறீனின் கேட்போர் தாமே வைத்தியராகப் போகிறவர். தோட்டத் தொழிலாளியோ பிறர் உடைமையிற் கூலிக்கு உழைத்தவன். அறிவைப் பெற்று அவன் என் செய்வான் என்பதே அக்காலத்தார் எண்ணமாக இருந்திருக்கலாம். அவ்வெண்ணம் கோப்பியோடு அழிந்துவிடவில்லை.

கோப்பிக்குப் பின் மலைநாட்டைக் காத்தது தேயிலை. அதிலும் பேராதனைக்குப் பங்குண்டு. தேயிலைச் செடி அங்கே 1824 முதலே இருந்தது. 1839இல் அசாம் நாற்றுகளும் வந்தன. தெல்தோட்டைக்கு அப்பாலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் யேம்ஸ் டெயிலர் பேராதனை விதைகளை வாங்கி நட்டுப் பார்த்து, 1867இற் பத்தொன்பது ஏக்கரிற் பயிரிட்டார். சிங்கோனா மரமோ வேறொரு பாடத்தைப் புகட்டிற்று. 1861இற் துவெயிற்ஸ் ஹக்கலையில் அதற்கெனத் தோட்டம் அமைத்து நாற்றுகளைக் கொடுக்க முன்வந்தபோது கொள்வார் இலர். கோப்பி வீழ்ந்ததும் யாவரும் ஒருங்கே ஓடிவந்தனர். யாவரும் ஒருங்கே பட்டை உரித்தனர். கொயினா விலை சரிந்தது. ஒரே செய்தியை ஒரே கூட்டத்தார் ஒரே வேளையிற் கேட்பதன் தீமை இது.

துவெயிற்ஸுக்குப் பின் 1880இற் பணியேற்ற ஹென்றி திரைமென், இலத்தீனை விட்டு ஆங்கிலத்தில் இலங்கைத் தாவரநூலை எழுதினார். 1893இல் முதற்பகுதி வெளிவந்தது. 1896இல் ஆசிரியர் பேராதனையிலேயே இறந்தார். எஞ்சிய பகுதிகளை இங்கிலாந்திலிருந்து ஹூக்கர் முடித்துக்கொடுக்க, 1900இல் நூல் நிறைவெய்திற்று. காண வருவோர் பயன்கொள்ளும் பொருட்டுப் பொருளாதாரத் தாவரவியல் நூதனசாலையொன்றையும் திரைமென் பூங்காவில் அமைத்தார். பிரேசிலிலிருந்து கியூ வழியாக 1876இல் வந்த இறப்பர் நாற்றுகள் ஏறத்தாழ ஈராயிரம். தாழ்நிலமே அவற்றுக்கு ஏற்றது எனக் கண்டு கம்பஹாவுக்கு அணித்தாகவுள்ள ஹெனரத்கொடையில் அவை நடப்பட்டன. அங்கே 1888இற் திரைமென் பால்வெட்டிப் பார்த்த மரங்களை, சிங்கப்பூருக்குச் செல்லும் வழியில் றிட்லி என்பார் வந்து கண்டு சென்றார். பின்னாளில் மலாயா நாட்டு இறப்பர்த் தொழிலுக்குத் தந்தை எனப் புகழப்பட்டவர் அவரே.

இறப்பரே பேராதனையின் வாயிலைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது எனலாம். திரைமெனுக்குப் பின்வந்த வில்லிஸ், பணிப்பாளர் என்பவர் தனியொருவராகச் செடி சேர்ப்பவர் என்னும் நிலையை மாற்றி, பூச்சியியல், பங்கசியல், இரசாயனம் முதலிய துறைகளுக்கு அறிஞரை அமர்த்தினார். ஆற்றுக்கு அக்கரையில், கன்னொருவையிற் பரிசோதனைத் தோட்டம் அமைந்தது. 1901இல் ஆராய்ச்சி வெளியீடும் தொடங்கிற்று. 1906ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதத்திற் பூங்காவினுள்ளேயே இறப்பர்க் கண்காட்சி நடைபெற்றது. பால்வெட்டும் கருவிகள், இறப்பரைத் தகடாக அழுத்தும் இயந்திரங்கள் முதலியவை காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆராய்ச்சியாளர் நாள்தோறும் சொற்பொழிவாற்றினர். சொற்பொழிவுகளும் அவற்றைத் தொடர்ந்த விவாதங்களும் நூலாக வெளிவந்தன. அரசாங்கம், ஆராய்ச்சி நிலையம், துரைமார் சங்கம் மூன்றும் ஒன்றுகூடி அறிவை மேடையேற்றிய இம்முயற்சி அக்காலத்துக்குப் பெரியதே. பேசிய மொழி யாது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆயினும் அதே காலத்தில் மற்றொரு சிற்றாறும் ஓடத்தொடங்கிற்று. தேசாதிபதி சேர் ஹென்றி பிளேக் 1904இல் இலங்கை விவசாயச் சங்கத்தை நிறுவினார். துரைமாருக்கு அப்பாற் கிராமத்துக் கமக்காரரையும் நோக்கிய முதல் நிறுவனம் இதுவே எனலாம். பேராதனை அறிஞர் இதற்குத் துணைநின்றனர். முன்னர்க் குறித்த பேர்குசன் இதழும் காலப்போக்கில் இச்சங்கத்தின் வெளியீடாயிற்று. சங்கச் செயலாளராகப் பணியாற்றிய டிரீபேர்க் என்பவர் பாடசாலைத் தோட்டங்களை மேற்பார்வை செய்தார். தாய்மொழிப் பாடசாலையின் முற்றத்திற் பாத்தி கட்டி, நல்ல விதையை நட்டு, பிள்ளைகள் கையாலே வளர்த்து, அவர்தம் பெற்றோர் கண்ணாலே காணச் செய்யும் திட்டம் அது. அறிவியலை நூலாற் பரப்புவதினும் செடியாற் பரப்புதல் எளிது என்பதைக் கண்டறிந்தவர் எவராயினும் அவர் போற்றத்தக்கவர். மலைநாட்டுத் தோட்டப் பிள்ளைகளுக்கோ அக்காலத்திற் பாடசாலை என்பதே அரிது. பாடசாலையே இல்லாதவிடத்துப் பாடசாலைத் தோட்டம் எங்ஙனம் அமையும்?

1912இல் விவசாயத் திணைக்களம் தோன்றிற்று. பூங்காவும் அதன் ஆட்சிக்குள் அடங்கியது. மக்மிலன் என்னும் பூங்காக் கண்காணிப்பாளர் எழுதிய வெப்பவலயத் தோட்டக்கலைக் கைந்நூல் வீட்டுத்தோட்டம் வைப்போரும் பயன்கொள்ளத்தக்கதாய் எளிய நடையில் அமைந்து பலமுறை அச்சேறியது. பங்கசியலாளர் பெட்ச் இறப்பர், தேயிலை ஆகிய இரண்டின் நோய்களையும் பற்றித் தனித்தனி நூல் எழுதினார். 1925இற் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டபோது அதன் முதற் பணிப்பாளராக அவரே அமர்ந்தார். ஏற்றுமதித் தேயிலைமீது விதித்த வரியால் நடைபெற்ற அந்நிலையம் பின்னர்த் தலவாக்கொல்லையிற் குடியேறிற்று.

அந்நிலையம் கோப்பியின் கதையை மீண்டும் எதிர்கொள்ள நேர்ந்தது. 1946இற் தேயிலைக் கொழுந்திற் கொப்புள நோய் தோன்றியது. அசாமில் நெடுங்காலம் அறியப்பட்ட இந்நோயும் காற்றில் வித்தி பரப்பும் பங்கசினாலே வருவது. இம்முறை செம்பு மருந்து கையிலிருந்தது; தளிர் நோயுறுமுன் தெளித்தல் வேண்டும் என்னும் வார்ட்டின் நெறியும் இருந்தது. மழைக்காலத்தில் கொழுந்தெடுக்கும் முறைக்கு இயையக் காலந்தவறாது தெளித்தமையாற் தேயிலை தப்பியது. தெளிகருவியை முதுகிற் சுமந்து சரிவுகளில் ஏறியவர் கோப்பிக் காலத்துத் தொழிலாளரின் வழித்தோன்றல்களே. எப்பொழுது தெளிப்பது, எவ்வளவு தெளிப்பது என்பதைத் தமிழிற் சொல்லாமல் அவ்வேலை ஒரு நாளும் நடந்திராது. மருந்தின் அளவைச் சொன்னவர், நோயின் காரணத்தையும் சொல்லியிருப்பின், எழுபது ஆண்டு இடைவெளி ஓரளவேனும் நிரம்பியிருக்கும். அத்தொழிலாளரின் நிலையோ அப்போது வேறு வகையில் தடுமாறிக்கொண்டிருந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் அவருட் பெரும்பாலார் நாடற்றவராயினர்.

1952இற் பேராதனை பல்கலைக்கழக நகரமாயிற்று. பூங்காவுக்கு அயலிலேயே விவசாய பீடமும் பின்னர் விஞ்ஞான பீடமும் எழுந்தன. 1950களிற் தாய்மொழிக் கல்வி பரவியபோது அரசாங்கம் தமிழிலும் சிங்களத்திலும் கலைச்சொற் தொகுதிகளை வெளியிட்டது. இன்று பாடசாலைப் பிள்ளை பங்கசு, வித்தி, நுணுக்குக்காட்டி எனத் தயக்கமின்றிச் சொல்வதற்கு அத்தொகுதிகளே காரணம். விவசாயத் திணைக்களமும் 'கமத்தொழில் விளக்கம்' என்னும் தமிழ் இதழை வெளியிட்டது. நெல்லும் வெங்காயமும் மிளகாயும் பயிரிடும் வடகிழக்குக் கமக்காரருக்கு அது பெரிதும் உதவிற்று. நிலமில்லாத மலைநாட்டுத் தொழிலாளிக்கு அதன் பக்கங்களிற் கிடைத்தது குறைவே. இதழின் குற்றமன்று அது.

கூட்டுறவு எத்துணை ஆற்றலுடையது என்பதற்குப் பேராதனையிலே சிறந்த எடுத்துக்காட்டும் உண்டு. திரைமெனின் நூலைப் புதுக்கும் பணி 1968இல் தொடங்கிற்று. பல்கலைக்கழகமும், விவசாயத் திணைக்களமும், அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனமும் சேர்ந்து அதனை மேற்கொண்டன. தசநாயக்க, பொஸ்பேர்க் ஆகியோரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1980 முதல் தொகுதி தொகுதியாக நூல் வெளிவந்தது. பேராதனைத் தேசிய உலர்தாவரச் சாலையிலுள்ள பழைய மாதிரிகள், மூன், துவெயிற்ஸ் முதலியோர் காலத்தனவும் உட்பட, மீண்டும் ஒப்புநோக்கப்பட்டன. இப்பெருநூலும் ஆங்கிலத்திலேயே உள்ளது. ஆராய்ச்சி நூலுக்கு உலகமொழி வேண்டும் என்பதை மறுப்பார் இலர். அதனின்று பிள்ளைகளுக்கென வடித்தெடுத்த ஒரு சிறு தமிழ்ப் பயிர்நூல் வருமாயின் பேராதனைக்குச் செலவு மிகுதியாகாது.

1981ஆம் ஆண்டின் சட்டமொன்றால் நிறுவப்பட்ட அடிப்படை ஆய்வு நிறுவனம் கண்டி ஹந்தானை வீதியில் அமைந்தது. உயிரின் தோற்றம் பற்றிய ஆராய்ச்சியால் உலகப்புகழ் பெற்ற சிறில் பொன்னம்பெரும அதனை வழிநடத்தினார். ஆராய்ச்சியோடு நில்லாமல், பாடசாலை மாணவருக்கும் ஆசிரியருக்கும் அறிவியலைக் கொண்டு செல்லுதற்கெனத் தனிப்பிரிவொன்றையும் அந்நிறுவனம் நடத்துகிறது. அதே வீதியில் மேலே ஏறிச் சென்றால், 1925இற் கட்டப்பட்டு, பின்னர் கைவிடப்பட்டுக் கிடந்த தேயிலைத் தொழிற்சாலை ஒன்று உண்டு. தேயிலைச் சபையும் துரைமார் சங்கமும் சேர்ந்து அதனைத் திருத்தி 2001இற் தேயிலை நூதனசாலையாகத் திறந்துவைத்தன. பழைய உருட்டும் இயந்திரங்களும், உலர்த்திகளும், யேம்ஸ் டெயிலர் கையாண்ட பொருள்கள் சிலவும் அங்கே காணக்கிடைக்கின்றன.

ஒரே மலையில், ஒரே வீதியில், ஆய்வுக்கூடமும் நூதனசாலையும் அமைந்தது தற்செயலே. அவற்றுக்கப்பால் அதே சரிவிற் தேயிலைத் தோட்டமும், தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் லயன்களும் உள்ளன. அங்கிருந்து பிள்ளைகள் இவ்விரண்டு இடங்களுக்கும் நடந்தே வந்துவிடலாம்.